கலப்பு என்ற சொல்லைத் திரும்பப் பெற்றவருக்கு

நுண்ணோக்கியில் கண்ணும் நோயாளிமேல் நெஞ்சும் வைத்து, தேவிகுளத்து மலையில் எங்கள் சிறிய ஆய்வகத்தைக் கட்டிக்காத்து, இன்று பணி நிறைவு பெறும் முதுநிலை நுண்ணுயிரியலாளர், ஏலப்பாறை தந்த எங்கள் இருதயம்மாள் அம்மையீர், வணக்கம்.

பாராட்டு மடலில் பண்புகளை வரிசையாகச் சொல்வது வழக்கம். பொறுமையும் நேர்மையும், கண்டிப்பும் கனிவும் உங்களிடம் உண்டு. மின்சாரம் போன மழைநாள்களில் கிருமி வளர்க்கும் இன்குபேட்டர் ஆறிவிடாமல் இருக்க ஜெனரேட்டருக்கு டீசல் தேடி ஓடியவர் நீங்கள். நம் ஜீப் ஓட்டுநர் மிக்கேல்ராஜ் சோற்றுக் கையோடு உள்ளே வந்தபோது, "கையக் கழுவிட்டுப் பேசுல. நீ ஒத்த ஆளு, ஒங்கையில கோடி பேரு இருக்கான்" என்று நீங்கள் ஏசியதும் எவருக்கும் மறக்காது.

ஆனால் போன மழைக்காலத்தில் மாரீஸ்வரன் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க எங்களுக்கு மனமில்லை.

மாரீஸ்வரன் நம் ஆய்வகத்தில் டெக்னீஷியன். அவன் மனைவி நிமிக்கு வயிற்றுப்போக்கு கண்டது. பிறகு இரத்தமாகப் போனது. மாதிரிக் குப்பியோடு அவன் வந்து நின்றபோது அதை நீங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ ஆஸ்பத்திரிக்குப் போ. இது என் வேல" என்றீர்கள்.

சோதனையில் இரண்டு வகை நஞ்சின் மரபணுக்கள் தெரிந்தன. ஒன்று, தண்ணீராகப் போகவைக்கும் கிருமிக்கு உரியது. மற்றது, குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைத் தாக்கும் கிருமிக்கு உரியது. மாதிரியில் இரண்டு கிருமிகள் சேர்ந்துவிட்டன, வேறு மாதிரி எடுக்கவேண்டும் என்றோம் நாங்கள். நீங்கள் ஒற்றைக் கிருமியிலிருந்து பெருகிய ஒரு புள்ளியை மட்டும் தொட்டெடுத்து, வளர்த்து, மறுபடி பார்த்தீர்கள். அதிலும் இரண்டும் இருந்தன. ஒரே கிருமி, இரண்டு நஞ்சு. அது தெளிவானபோது நிமியின் சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. அவள் பிழைக்கவில்லை.

மாரீஸ்வரன் குடியிருந்த லயத்தில், அந்த எஸ்டேட் வரிசை வீடுகளில், இருந்த மக்களை எச்சரிக்க நீங்கள் தமிழில் ஓர் அறிவிப்பு எழுதினீர்கள். "கலப்பினக் கிருமி" என்று அதில் இருந்தது. பாடத்தில் படித்த சொல்தான். ஆனால் மாரீஸ்வரன் இந்து, நிமி கிறிஸ்தவள். அந்தச் சொல்லையும் அவர்கள் கல்யாணத்தையும் முடிச்சுப் போட லயத்துக்கு ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

"கலப்புக் கல்யாணம் பண்ணுன வீட்ல கலப்புக் கிருமி வராம வேற என்ன வரும்?" என்றார் பக்கத்து வீட்டு மாரித்தாய், குழாயடியில், அவன் காதுபடவே. அவன் குடத்தை நிரப்பிக்கொண்டு நடந்தான். அவன் மூன்று வயது மகள் மோனிஷாவை அங்கன்வாடியில் தங்கள் பிள்ளைகளோடு உட்காரவைக்கக் கூடாது என்று தாய்மார்கள் சொன்ன அன்றுதான் உடைந்தான். அம்மாவும் இல்லை, அங்கன்வாடியும் இல்லை என்றால் பிள்ளையை யார் பார்ப்பது? வேலையை விடுகிறேன் என்று உங்களிடம் வந்து சொன்னான். காரணம் சொல்லவில்லை.

மிக்கேல்ராஜிடமிருந்து காரணத்தை வாங்கிக்கொண்டு, அவர் ஜீப்பிலேயே லயத்துக்குப் போனீர்கள்.

"அந்த வார்த்த நான் எழுதுனது. தப்பு எம்மேலதான்" என்றீர்கள் கூடியிருந்த பெண்களிடம். "கிருமிக்கு ஏது கல்யாணம்? மொளகா இல்லன்னா அடுத்த வீட்ல எரவல் வாங்குறீங்கல்ல? அப்படித்தான் ஒரு கிருமி பக்கத்துல கெடந்த கிருமிகிட்ட வெஷத்த எரவல் வாங்கியிருக்கு."

"எங்க வச்சு வாங்குச்சு மேடம்?" என்றார் மாரித்தாய், விடாமல்.

"பீத்தண்ணியில வச்சுத்தான். ஒங்க கக்கூஸ் குழி ஒடஞ்சு ஒழுகுனது, குடிக்கிற தொட்டிக்கே வந்துருக்கு. நிமி வீட்டுக்கு மட்டும் தனிக் குழாயா போட்டுருக்கு?"

பெண்கள் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப நாங்களும் அதத்தான் குடிச்சோமா?" என்றார் மாரித்தாய்.

"ஆமாக்கா. இனி கொதிக்க வச்சுக் குடிங்க."

அறிவிப்பில் "இரவல் நஞ்சுக் கிருமி" என்று நீங்களே திருத்தினீர்கள். எஸ்டேட் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, குழியைக் கட்டவைத்துவிட்டுத்தான் எழுந்தீர்கள். மோனிஷாவை மறுபடி அங்கன்வாடிக்கு இடுப்பில் தூக்கிப்போனவர் மாரித்தாய். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. மாரீஸ்வரன் எதிர்பார்க்கவும் இல்லை. பிள்ளை உள்ளே போவதைப் பார்த்துவிட்டு வேலைக்கு வந்தான்.

முதல் சோதனையையே நம்பியிருந்தால் நிமி பிழைத்திருப்பாளா என்று அவன் எங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டான். இல்லை என்றோம், ஆறுதலுக்காக. நீங்கள் மட்டும், "தெரியலப்பா" என்றீர்கள். அதன்பிறகு அவன் யாரிடமும் கேட்கவில்லை.

அம்மையீர், நூறாண்டு வாழ்க என்று இத்தகைய மடல்களில் எழுதுவார்கள். நிமிக்கு வயது இருபத்தேழு. ஆகவே நாங்கள் எண்ணிக்கை எதையும் எழுதவில்லை. நலமாக இருங்கள். நிறைய நாள் இருங்கள்.

விடைகொடுக்க மனமில்லாத,
ஆய்வகப் பணியாளர்கள்,
தேவிகுளம்