பவுல்ராஜ் சுமந்த மணி

தாளைப் பழையதாகக் காட்ட நல்ல டீ உதவாது. நம் ஃபாக்டரியில் கடைசியாகச் சலித்து ஒதுக்குகிறார்களே, அந்த டஸ்ட்தான் சரி. இரண்டு ஸ்பூன் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் பிரஷ்ஷால் ஒரே ஒரு பூச்சு. ஓரங்களுக்கு மட்டும் இன்னொரு பூச்சு. அடுப்படிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் மறுநாள் காலைக்குள் தாளுக்கு ஐம்பது வயது ஆகிவிடும்.

ஃபாதர், நடந்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடட்டுமா என்றுதான் கேட்டேன். நீங்கள்தான் எழுதிக் கொடு ஜெஸிந்தா, பங்குப் பேரவையில் வாசிக்கவேண்டி வரும் என்றீர்கள். எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை. எஸ்டேட் ஆபீஸில் பத்தொன்பது வருஷமாக எழுத்து வேலைதான் பார்க்கிறேன். பேரவையில் இருக்கிற எல்லோருக்கும் என் பொழுதுபோக்கு தெரியாது என்பதால் அதையும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

நான் செய்வது பை ஆல்பம். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாள், அதில் சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் ஒன்பது பைகள். ஒரு பையில் போட்டோ, பக்கத்துப் பையில் அந்தப் போட்டோவின் கதை, அடுத்ததில் ஒரு பழைய டிக்கெட்டோ காய்ந்த இலையோ. கதை எழுதுகிற அட்டைகளுக்கான வடிவங்கள் இணையத்தில் கிடைக்கும். பழங்காலக் கடிதத் தாள், பூவேலை செய்த ஓரம், பெட்டியில் கட்டித் தொங்கவிடும் சீட்டு என்று விதவிதமாக இருக்கும். அவற்றைக் கோத்தகிரி ஜெராக்ஸ் கடையில் கெட்டித் தாளில் பிரிண்ட் போட்டு, வெட்டி, மூலைகளை வட்டமாக நறுக்கி, பையில் செருகவேண்டும். சொன்னால் சுலபமாகத்தான் தெரியும். ஒரு மூலை கோணினால் பக்கம் முழுக்கக் கோணலாகிவிடும்.

மார்ச் மாதம் நம் மூங்கில்மட்டம் அந்தோனியார் கோயிலின் பொன்விழாவுக்குக் கூட்டம் போட்டீர்கள். ஐம்பது வருஷத்தையும் ஒரு ஆல்பமாகச் செய்து தருகிறேன் என்று நான் எழுந்து சொன்னேன். அப்போது செல்லையா பெரியப்பா பின்வரிசையிலிருந்து ஒன்று சொன்னார்.

"தாள வெட்டி ஒட்டுறதெல்லாம் ஒரு வேலையா கிளார்க்கம்மா? சின்னப் புள்ளைங்க வெளையாட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள் ஃபாதர், பல் தெரியாமல். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. முப்பத்தொரு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான்.

செல்லையாவைப் பற்றிப் பேரவைக்குச் சொல்லத் தேவையில்லை. எழுபத்துநாலு வயது. இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். 1976 நவம்பரில் கோயிலுக்கு மணி வந்தபோது வழியில் மண் சரிந்து லாரி நின்றுவிட்டது. அங்கிருந்து நாலு மைல் அந்த மணியைத் தனியாளாக முதுகில் கட்டிச் சுமந்து வந்தார். அன்றிலிருந்து அவர்தான் மணி அடிக்கிறவர். இந்தக் கதையை ஒவ்வொரு திருவிழாவுக்கும் சொல்வார். கூட இருந்தவர்களில் பாதிப் பேர் இறந்துவிட்டார்கள், மீதிப் பேர் பிள்ளைகளோடு திருப்பூருக்குப் போய்விட்டார்கள். கதை அவர் ஒருவர் வாயில்தான் இருந்தது. ஆபீஸ் அனுபவத்தில் சொல்கிறேன், ஒரே நகல் இருக்கிற ஆவணம் எப்போதுமே ஆபத்து.

ஆல்பத்தில் மணிக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினேன். எட்டுப் பைகள் நிரம்பின. ஒன்பதாவதில் வைக்க அவரிடம் ஒரு பழைய போட்டோ கேட்டுப் போனேன். தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என் போட்டோ என்னாத்துக்குங்க? மணி மேலதான தொங்குது, அதப் பாத்துக்கச் சொல்லுங்க."

நான் திரும்பி வந்தேன். அந்தப் பக்கத்தை எடுத்து விரித்து வைத்தேன். எட்டு நிறைந்து ஒன்று மட்டும் காலி. பல் விழுந்த வாய் போல இருந்தது. இதை அனுபவித்தவர்களுக்குத்தான் புரியும்.

ஊட்டியில் பழைய பேப்பர் கடை ஒன்றில் எனக்கு வாடிக்கை உண்டு. மூடிப்போன ஸ்டுடியோவிலிருந்து வந்த போட்டோக்களை ஒரு டப்பா நிறைய வைத்திருந்தார்கள். யாரும் வாங்கிப்போகாத போட்டோக்கள். அதில் ஒரு ஆள் எனக்குப் பிடித்துப்போனார். இருபத்தைந்து வயதிருக்கும். முறுக்கு மீசை, அகலமான தோள், எதையும் தூக்கிவிடுவேன் என்கிற முகம். அளவும் பைக்குச் சரியாக இருந்தது. அவருக்குப் பவுல்ராஜ் என்று பெயர் வைத்து, கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் ஆக்கினேன். கடிதத் தாள் வடிவத்தில் ஒரு அட்டை எடுத்து, பழைய காலத்துக் கையெழுத்தில் எழுதினேன்: "உபதேசியார் பவுல்ராஜ். மண்சரிவு நாளில் நம் மணியைச் சுமந்து வந்தவர். மறு வருஷம் வேறு ஊருக்கு மாறிப் போனார்." பிறகு டஸ்ட் டீ.

செல்லையாவின் பெயரை நான் அடிக்கவில்லை. எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் மாதம் திருவிழாவன்று ஆல்பத்தைப் பீடத்துக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தோம். யாராவது கேட்பார்கள், விளையாட்டுக்குச் செய்தேன் என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். உண்மையாகவே அப்படித்தான் இருந்தேன். ஆனால் முதலில் மேசைக்கு வந்தது கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற சின்னம்மை அக்கா. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தது.

"அட, இவரா? நல்லாத் தெரியுமே எனக்கு. செவப்பா இருப்பாரு. எங்க ஊட்டுல வந்து கஞ்சி குடிச்சிருக்காருங்க."

கறுப்பு வெள்ளைப் போட்டோ, ஃபாதர். அதில் சிவப்பு எங்கே தெரியும். ஆனால் அக்கா சொல்லி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு பேருக்கு அவரைத் தெரிந்துவிட்டது. ஒருவருக்கு அவர் பாட்டு சொல்லிக்கொடுத்திருந்தார். இன்னொருவர் வீட்டுப் பிள்ளைக்கு அவர் பெயர் தேர்ந்து கொடுத்திருந்தார். நான் எழுதியது மூன்று வாக்கியம். மீதியை ஜனங்களே எழுதிக்கொண்டார்கள். பிறகு திருப்பலியில் நீங்களே பிரசங்கம் வைத்தீர்கள். "பெயரும் புகழும் தேடாமல் மணியைச் சுமந்துவிட்டுப் போன பவுல்ராஜ் உபதேசியாரைப் போல" என்றீர்கள். குரல் தழுதழுத்தது. பேரவை இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

மறுநாள் மத்தியானம் செல்லையா ஆபீஸுக்கு வந்தார். கோபமாக வரவில்லை. குழப்பமாக வந்தார்.

"கிளார்க்கம்மா, நான்தானே தூக்கியாந்தேன். எல்லாரும் வேற யாரோங்கிறாங்க. இந்தாங்க, தோள்ல தழும்பு இருக்கு பாருங்க."

சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டினார். தழும்பு இருந்தது. கயிறு அறுத்த மாதிரி நீளமாக, சுருங்கிய தோலுக்கு நடுவே வெளுப்பாக. நான் நாற்காலியில் உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்து, பொறுமையாகத்தான் பேசினேன்.

"உர மூட்டை எத்தன வருசம் தூக்கியிருக்கீங்க பெரியப்பா? அந்தத் தழும்பா இருக்குமுங்க."

அவர் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். டீயை முழுவதும் குடிக்கவில்லை.

அவர் மனதில் இன்னும் சந்தேகம் இருப்பது தெரிந்தது. ஆதாரம் கேட்கிற மனிதருக்கு ஆதாரம் கொடுப்பதுதான் மரியாதை. அந்த வாரமே ஒரு கடிதம் செய்தேன். அந்தக் காலத்துப் பங்குத்தந்தை பவுல்ராஜுக்கு நன்றி சொல்லி எழுதியதைப் போல. நீல ஓரம் வைத்த கடிதத் தாள், நாலாக மடித்த தடம், ஒரு மூலையில் மெழுகுக் கறை. கோயில் பீரோவில் கிடைத்தது என்று உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினீர்கள். பவுல்ராஜ் போட்டோவையும் பெரிதாக்கி மணிக்கூண்டுக்குக் கீழே மாட்டினீர்கள். கீழே கல்லில் பெயர் பொறிக்கவும் தீர்மானம் போட்டீர்கள். அந்தத் தீர்மானத்தை டைப் செய்தது நான்தான். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

ஆடி மாதத்து முதல் ஞாயிறு செல்லையா மணி அடிக்க வரவில்லை. கயிறு சும்மா தொங்கியது. ஏன் என்று கேட்டதற்கு, கை வலி என்று சொல்லியனுப்பினார்.

இதெல்லாம் அப்படியே அடங்கியிருக்கும். ஆனால் போட்டோவை யாரோ வாட்ஸாப்பில் போட்டு, அது மஞ்சூர் வரைக்கும் போய்விட்டது. போன மாதம் இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் வெளியே நின்றிருந்தோம். மப்ளர் சுற்றிய ஒரு பெரியவர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மணிக்கூண்டுக்கு வந்தார். போட்டோவை அண்ணாந்து பார்த்தார். மீசை நரைத்திருந்தது, ஆனால் அதே முறுக்கு.

"ஏனுங்க, இது என் போட்டோங்க. இத யாருங்க இங்க மாட்டுனது?" என்றார்.

அவர் பெயர் ஆறுமுகசாமி. மஞ்சூர் ரூட்டில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் வீட்டுக்கு அனுப்புவதற்காக அந்தக் காலத்தில் எடுத்த போட்டோவாம். போட்டோ கைக்கு வருமுன்பே அந்தச் சம்பந்தம் தட்டிப்போனதால் ஸ்டுடியோவுக்குப் போய் வாங்கவே இல்லையாம். இதையெல்லாம் பிறகுதான் சொன்னார். அப்போது அவரைச் சொல்லவிட யாரும் தயாராக இல்லை. சின்னம்மை அக்கா கை கூப்பிவிட்டது.

"பவுல்ராஜ் அய்யா வந்துட்டாருங்க."

கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒருத்தி பிள்ளையை அவர் கையில் கொடுத்து ஆசீர்வாதம் கேட்டாள்.

"நான் பவுல்ராஜ் இல்லீங்க. கோயிலுக்குன்னு நான் போனது மருதமலைக்கு மட்டுந்தானுங்க. டிக்கெட் பையத் தவிர எதையும் நான் தூக்குனதில்லீங்க."

"பாத்தீங்களா," என்றது சின்னம்மை அக்கா. "நல்லவங்க என்னைக்கும் தான் செஞ்சதச் சொல்லிக்க மாட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு அடக்கினேன். பார்த்தவர்கள் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அப்போதுதான் செல்லையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஒரு மாதத்துக்கு மேலாகக் கோயில் பக்கம் வராதவர், அன்று வந்திருந்தார். ஆறுமுகசாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிக்கங்க. நீங்க தூக்குனத நான் தூக்குனேன்னு அம்பது வருசமாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிட்டேன். பொய்யின்னு தெரிஞ்சி சொல்லலங்க. எப்பிடியோ மனசுல அப்பிடிப் பதிஞ்சிபோச்சி. நான் பின்னாடி வந்திருப்பேன் போல."

ஆறுமுகசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கண்டக்டர் வேலை பார்த்தவர், மனிதர்களின் முகம் பார்க்கத் தெரிந்தவர். கையை இழுத்துக்கொள்ளாமல், "சரிங்க, சரிங்க, விடுங்க" என்று செல்லையாவின் தோளைத் தட்டினார். தழும்பு இருக்கிற தோள்.

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. செல்லையாவின் முகத்தைப் பார்த்தேன். மார்ச் மாதம் பின்வரிசையில் சிரித்த முகம் அதில் எங்கேயும் இல்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

பிறகு ஆறுமுகசாமி உங்கள் அறையில் வந்து உட்கார்ந்து, ஆதார் அட்டையைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். நான் ஒரு முறைகூட மறுக்கவில்லை என்பதைப் பேரவைக்கு நினைவூட்டுகிறேன். ஆம், பவுல்ராஜ் என்று ஒருவர் இருந்ததில்லை. அட்டையும் கடிதமும் நான் செய்தவை. மணியைச் சுமந்தது செல்லையாதான், அது எனக்கு முதலிலிருந்தே தெரியும்.

நீங்கள் சொன்னபடி நானே செல்லையா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். கடைசியில் என் தலையில் கை வைத்தார்.

"நீங்க எனக்காகப் பொய் சொல்லாதீங்க கிளார்க்கம்மா. அந்த மனுசன நான் கண்ணால பாத்துட்டேன். மணியத் தூக்குன தோளு அது."

மறுபடி மறுபடி சொன்னேன். உங்களுக்கு நல்ல மனசு என்றார். அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்.

சுவரில் மாட்டிய கடிதத்தையும் போட்டோவையும் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். ஆல்பத்தில் மட்டும் தப்பான அட்டையை எடுத்துவிட்டு உண்மையை எழுதிய அட்டையை வைக்கச் சொன்னீர்கள். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன வாசகம் நீளமானது ஃபாதர், அந்தப் பைக்குள் அடங்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கினால் பக்கத்தின் அழகு போய்விடுகிறது. சின்னம்மை அக்காவின் மனமும் நோகக்கூடாது. செல்லையாவும் ஒரு முடிவோடு இருக்கிறார், வயதானவரைத் திரும்பக் குழப்புவது பாவம். எல்லாவற்றையும் யோசித்து, யாருக்கும் குறை வைக்காமல் எழுதி முடித்துவிட்டேன். இலை வேலை செய்த ஓரம், நல்ல பச்சை. மூலைகள் நாலும் சுத்தமாக வந்திருக்கின்றன. இதோடு இணைத்திருக்கிறேன், படித்துப் பாருங்கள்:

"செல்லையா. பவுல்ராஜ் மணியைச் சுமந்து வந்த நாளில், மழையில் நாலு மைலும் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தவர்."