சுவர் இருந்தபோது எடுத்த அளவு

என் பெயர், வயது, விலாசம் முன்பக்கத்தில் எழுதியுள்ளபடி சரி. சாலை அகலப்படுத்தும் வேலையில் ஒப்பந்த சர்வேயராக இருக்கிறேன். இஸ்திரிப் பெட்டியை எறிந்து எங்கள் என்ஜினீயரின் மண்டையை உடைத்ததாகக் காவலில் இருக்கும் தையல்கார அக்காவின் வழக்கில், யாரும் கூப்பிடாமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

அந்த அக்காவின் வீட்டு மூலை சாலைக் கோட்டுக்குள் வருகிறதா என்று அளந்து வர, போன மாதம் என்னை அனுப்பினார்கள். செயற்கைக்கோள் சிக்னல் வாங்கும் கருவியைச் சுவரை ஒட்டி வைத்தால் பாதி வானம் மறைந்து, சிக்னலும் சுவரில் பட்டுத் திரும்பி, அளவு தப்பாகும். ஆகையால் வெட்டவெளியில் இரண்டு இடங்களைக் கருவியால் அளந்து, அங்கிருந்து மூலைக்கு டேப் பிடித்துக் கணக்குப் போட வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வெயிலுக்குச் சோம்பல்பட்டு, கருவி பொருத்திய கோலை மூலையிலேயே ஊன்றினேன். அளவு இன்னும் நிலைக்கவில்லை என்று திரை காட்டியது. அதன் பிறகும் பதிவு செய்தேன்.

அப்போது அக்கா, "இடுப்புல டேப் தொங்குதே தம்பி, ஒரு முனைய நான் பிடிக்கிறேன், நிதானமா அளங்க" என்றார்.

"இது என்ன ஜாக்கெட்டா? மெஷின் வானத்துலேருந்து அளக்குது, சும்மா இருங்கக்கா" என்று எரிந்து விழுந்தேன். எல்லாம் என் வாய்க்கொழுப்பு.

என் அளவுப்படி மூலை ஒரு முழம் சாலைக்குள் வந்தது. அதன் பிறகு நோட்டீஸ் போய், நேற்று புல்டோசர் வந்து, "என் இடத்துலதான்யா கட்டியிருக்கேன்" என்று அக்கா கத்தக் கத்த, தையல் மெஷினோடு சேர்த்து முன்னறையை இடித்தார்கள். அப்போதுதான் இஸ்திரிப் பெட்டி பறந்தது. நான் ஜீப்புக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை மனசு கேட்காமல் போய், எஞ்சியிருந்த அஸ்திவார மூலையில் அதே கோலை ஊன்றினேன். மறைக்கச் சுவர் இல்லாததால் அளவு உடனே நிலைத்தது. மறுபடி மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் மூலை அக்காவின் இடத்துக்குள்ளேயே விழுந்தது. அதன் பிறகு தலையில் கட்டோடு இருந்த என்ஜினீயரிடம் ஓடினேன். "இடிச்சாச்சு. இனிமே அளந்து என்னய்யா கிழிக்கப் போற?" என்றார்.

அக்கா சொன்னதுதான் நிஜம். குற்றவாளி நான். அவரை விட்டுவிடுங்கள்.

எழுதிய அதிகாரி இதை உரக்க வாசித்தபோது, லாக்கப்பிலிருந்த அக்கா, "என்னை விட்டுட்டா, எந்தக் கதவத் தொறந்து உள்ள போறது தம்பி?" என்று கேட்டார். அதையும் எழுதச் சொன்னேன். இதில் உள்ளது அத்தனையும் நான் சொன்னது, நடந்தது.

ஒப்பம்,
சர்வேயர்