எந்த வாசல்

மாதா கோயிலில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய வருஷம். ஞாயிற்றுக்கிழமை நல்லூர் பஸ்ஸில் என் முன்சீட்டில், கோயிலிலிருந்து திரும்பும் இரண்டு பெண்கள். பீங்கான் கம்பெனியில் கூலி வேலை பார்ப்பவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"வாசல்ல ஏழைக்கு நியாயம் செய்யச் சொன்னாராமே தீர்க்கதரிசி, இன்னிக்கு பைபிள்ல வாசிச்சாங்கல்ல, நம்ம கம்பெனி கேட்டைத்தான் சொல்றாருன்னு நெனச்சேன்க்கா," என்றாள் இளையவள்.

"ஏன்டி?" என்றாள் மூத்தவள்.

"அங்கதான மேஸ்திரி ஆள் பொறுக்குறாரு. நேத்திக்கும் என்னைத் திருப்பி அனுப்பிட்டாரு. சாமியாரு என்னடான்னா, பிரசங்கத்துல வாசல்னா மனசுன்னுட்டாரு."



"தீர்க்கதரிசி காலத்துல ஊரு வாசல்லதான் பஞ்சாயத்து நடக்குமாம். வேதம் சொல்லிக் குடுக்குற உபதேசியாரு சொல்லியிருக்காரு. நீ நெனச்சதுதான்டி சரி."

"அப்ப சாமியாரு ஏன் மனசுன்னாரு?"

"மொதலாளி குடும்பத்தோட மொத வரிசையில ஒக்காந்திருந்தாருல்ல."