என்னைச் சமையல்காரன்னு எழுதுங்க

— இன்னொரு தடவை சொல்லுங்க, மிஸ்டர் மேடக்ஸ். என் காதுல சரியா விழல.

— பட்டாளத்துக் காகிதத்துல என் வேலை மெஷின் கன் சுடறதுன்னு போட்டிருக்கும்மா. அதை அடிச்சிட்டு சமையல்காரன்னு எழுதச் சொல்லி மனு போட்டிருக்கேன்.

— நல்லா இருக்கே! அலபாமாவுல ஒவ்வொரு கிழவனும் சமையல்காரன்கிறதை வீரன்னு மாத்தத்தான் அலையறான். நீங்க வீரன் வேணாம்னு அலையறீங்களா?

— எனக்காக இல்லம்மா. உங்க அண்ணன் எஸ்ராவுக்காக. அவனைச் சமையல்காரன்னு போட்டுட்டாங்க. அது என் இடம். காகிதத்துல எனக்குப் போட்டிருக்கற இடம் அவனுது.

— இதைச் சொல்ல உங்களுக்கு நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சா?

— ஆச்சும்மா.

— மாண்ட்கமரியில இருந்து இங்க ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டினா போதும். கொரியாவுக்குப் போயிட்டு வரத் தெரிஞ்ச மனுஷனுக்கு இது தூரமா?

— தூரம்தான்மா. என் மாதிரி ஆளுக்குத் தூரம்தான்.

— கேளுங்க மிஸ்டர். அந்த மலையில தப்பிச்ச ஒருத்தர் சாகறதுக்கு முன்னாடி என்கிட்ட விஷயத்தைச் சொன்னார். எழுபத்திநாலுல உங்களுக்கு நான் ஒரு கடிதம் போட்டேன். கிடைச்சுதா?

— கிடைச்சுது.

— என்ன கேட்டிருந்தேன்?

— ஒரே ஒரு வரி. "அன்னைக்கு மலைமேல சுட்டது எஸ்ரா டன்னிங்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கன்னு.

— போட்டீங்களா?

— இல்ல.

— அப்போ எனக்கு முப்பத்தஞ்சு வயசு. அந்த ஒரு வரி வந்திருந்தா மூணு தடவை மனு போட்டு மூணு தடவையும் மூக்கறுபட்டிருக்க மாட்டேன். "அந்த மெஷின் கன்னுக்கு வேறொருவர் இருந்தார், அவர் மெடல் பெற்றவர்." மூணு பதில்லயும் இதே வரி. மெடல் பெற்றவர்! அந்த நாற்காலியில உட்கார்ந்து என் காப்பியைக் குடிக்கிறாரே, அவர்!

— ஆண்டவனே... திட்டுங்கம்மா. அதுக்குத்தான் வந்தேன்.

— திட்டு வாங்கிட்டு இலேசா வீட்டுக்குப் போகலாம்னு பார்க்காதீங்க. இன்னைக்கு ஏன் வந்தீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.

— அடுத்த மாசம் எங்க ஊர்ல ஒரு பாலத்துக்கு என் பேர் வைக்கறாங்க. பேண்டு வாத்தியம், மேயர் பேச்சு எல்லாம் உண்டு. பச்சைப் பலகையில என் பேரை எழுதிக் கொண்டு வந்து காட்டினாங்க. அன்னைக்கே உட்கார்ந்து அந்த மனுவை எழுதினேன்மா.

— பாலத்துக்குச் சமையல்காரன் பேரை வைக்க மாட்டாங்களாக்கும்.

— மாட்டாங்கம்மா.

— எப்படி நடந்துது? மாத்திக்கிட்டது யாரு?

— முதல் சண்டையிலயே என் கை உதற ஆரம்பிச்சிடுச்சு. துப்பாக்கிக் குதிரையில விரல் நிக்கல. கேப்டன் பார்த்தார். "மேடக்ஸ், நீ சட்டிபானையைப் பாரு. டன்னிங், நீ சின்ன வயசுல அணில் சுடுவேன்னு சொன்னியே, வா"ன்னார். அவ்வளவுதான். காகிதத்துல அப்புறம் மாத்திக்கலாம்னார். அந்தக் கேப்டனும் எஸ்ரா செத்த அதே மலையில போயிட்டார்.

— மெடல்?

— எஸ்ரா தனியா நின்னு சுட்டதாலதான் நாங்க முப்பது பேர் கீழே இறங்கித் தப்பிச்சோம். அப்புறம் நான் கால் பனியில விறைச்சுப்போய் ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். ஒரு கர்னல் வந்தார். கையில இருந்த காகிதத்தைப் பார்த்தார், என் சட்டையில குத்திட்டுப் போயிட்டார். வாயைத் திறக்கணும்னு நினைச்சேன்மா. சத்தியமா நினைச்சேன். வீட்டுக்கு வந்தா எங்கப்பா மெடலைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சு மாட்டிட்டார். அப்புறம் கல்யாணம். பிள்ளைங்க. கோழைன்னு தெரிஞ்சா யார் என்னை...

— போதும். இப்போ என்கிட்ட என்ன வேணும்?

— என் வாய்மொழி மட்டும் போதாதுன்னுட்டாங்க. கிழவனுக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு நினைக்கறாங்க. அந்தக் காலத்துக் காகிதம் ஏதாவது வேணுமாம். எஸ்ரா உங்கம்மாவுக்கு எழுதின கடிதங்கள் இருக்குமே...

— சிரிப்பு வருது எனக்கு. அந்தக் கடிதங்களைக் காட்டித்தான் மிஸ்டர் என் மனுவைத் தள்ளினாங்க! அண்ணன் எல்லாத்துலயும் சமையலைப் பத்தித்தான் எழுதியிருக்கான். அம்மா பயப்படுவாளேன்னு துப்பாக்கியைப் பத்தி ஒரு எழுத்து இல்ல. இதோ, டிசம்பர் கடிதம். "அம்மா, இங்கே குளிரில் டின்னுக்குள் இருந்த பீச் பழம் கல்லாகிவிட்டது. கோடாலியால் வெட்டிப் பரிமாறினேன்..."

— "...பையன்கள் அதை மிட்டாய் போலச் சப்பிச் சப்பித் தின்றார்கள்."

— இது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— என் கட்டைவிரலைப் பாருங்கம்மா. நகம் இருக்கா?

— இல்ல.

— அந்தக் கோடாலிதான். அதைக் கடிதத்துல எழுதல.

— நீங்க பழம் வெட்டினதை அவன் எழுதியிருக்கான். சரி. நீங்க சொல்லியிருப்பீங்க, அவன் கேட்டு எழுதியிருப்பான்.

— மிஸ் ஓரெட்டா... எஸ்ரா ஊரை விட்டுக் கிளம்பும்போது எழுதப் படிக்கத் தெரியுமா?

— தெரியாது. எங்க மூத்தவன் அவன். ஆறு வயசுலயே பருத்திக் காட்டுக்குப் போயிட்டான். கையெழுத்துக்குப் பதிலா ஒரு பெருக்கல் குறி போடுவான். பட்டாளத்துலதான் கத்துக்கிட்டான். முதல் கடிதம் வந்த அன்னைக்கு அம்மா அதைச் சர்ச்சுக்கு எடுத்துட்டுப் போனா. என்னை பெஞ்சு மேல ஏத்தி எல்லாரும் கேட்கப் படிக்கச் சொன்னா. "என் பிள்ளை கைப்பட எழுதினது"ன்னு ஒவ்வொருத்தர் முகத்துக்கு நேராவும் காட்டினா. எங்கம்மா அப்படிச் சிரிச்சு நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல. பின்னாடியும் இல்ல.

— அவன் கத்துக்கலம்மா.

— என்ன சொன்னீங்க?

— "நான்தான் எழுதறேன்னு எழுது மேடக்ஸ், எங்கம்மா சந்தோஷப்படுவா"ன்னான். சுட்டுச் சுட்டு அசந்துபோய் மூட்டை மேல சாஞ்சுக்குவான். நான் அடுப்போரமா உட்கார்ந்து எழுதுவேன். என்ன எழுதட்டும்னு கேட்டா, "இன்னைக்கு நீ என்ன சமைச்சே, அதையே எழுது"ம்பான்.

— பொய்.

— ஒரு பேனா குடுங்கம்மா. எழுதிக் காட்டறேன்.

— இதோ பேனா. எழுதுங்க பார்ப்போம்.

— "என் அன்புள்ள அம்மாவுக்கு..." பாருங்க. அதே எழுத்துதான்.

— போதும். நிறுத்துங்க.

— சமையல் கடிதம் எழுதினவன் எவனோ அவன்தான்மா சமையல்காரன். இந்தக் கையெழுத்தையும் என் கையெழுத்தையும் பக்கத்துல வெச்சா அவங்களால மறுக்க முடியாது. என்னை எடுத்தாத்தான் அவனை அந்த இடத்துல வைக்க முடியும்.

— அவனை வீரனாக்கணும்னா, அவன் கைப்பட எழுதினான்னு நான் இத்தனை வருஷம் தொட்டுப் பார்த்தது எல்லாத்தையும் உங்களுதுன்னு ஒத்துக்கணும். அதானே? உங்களை நான் மன்னிக்க மாட்டேன் மிஸ்டர் மேடக்ஸ். மெடலுக்காகவும் இல்ல, பாலத்துக்காகவும் இல்ல. இதுக்காக.

— மன்னிக்க வேணாம்மா.

— இந்தாங்க. பிஸ்கட் டப்பாவோட எடுத்துட்டுப் போங்க. பதினெட்டு இருக்கு. போய் அவன் பேரைச் சரியா எழுத வைங்க.

— பத்தொன்பது இருக்கணுமேம்மா.

— அந்தக் கடைசி ஒண்ணு என் பைபிள்ல இருக்கு. அதைத் தர மாட்டேன். யார்கிட்டயும் காட்டினதுகூட இல்ல. அண்ணன் பிப்ரவரி பதினொண்ணாம் தேதி செத்தான்னு தந்தி வந்துது. உடம்பு வரல. அப்புறம் ஒரு வாரம் கழிச்சு இந்தக் கடிதம் வந்துது, பதிமூணாம் தேதி போட்டு. "தந்தி பொய்யி, செத்தவன் எப்படி எழுதுவான்"னு அம்மா ஒத்தைக் கால்ல நின்னா. சாகற வரைக்கும், ஒன்பது வருஷம், தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவனுக்கு ஒரு தட்டு வெச்சா. தேதியைத் தப்பாப் போட்டிருக்கான்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் எங்கம்மா உயிரைப் பிடிச்சுக்கிட்டிருந்த காகிதம் அது. பதினெட்டு போதாதா உங்களுக்கு?

— போதாதும்மா. மத்ததெல்லாம் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதிக் குடுத்தேன்னு சொல்லித் தள்ளிடுவாங்க. அந்த ஒண்ணை மட்டும் தள்ள முடியாது.

— ஏன்?

— தேதி தப்பில்லம்மா. பதினொண்ணாம் தேதி சண்டை ஓஞ்சதும் திரும்ப மலையேறிப் போய் அவனைப் புதைச்சேன். பதிமூணாம் தேதி, அம்மா கடிதத்துக்குக் காத்துக்கிட்டிருப்பாங்களேன்னு, எப்பவும்போல என் சமையலைப் பத்தி எழுதினேன்.