ஏறுகிற வண்டிக்கு வழி

சாயங்காலம் நாலு மணி. நல்ல வெயில். அமிர்திப் பக்கம் இறங்குகிற மலைப்பாதை. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை...

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். நம் ராஜேஷின் தாய்மாமன் ஜீவானந்தத்துக்கு இது பட்டப்பகலில் நடந்தது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

மலைமேல் ஊர்க்காரர். அந்தப் பாதையில் வருடக்கணக்காக லாரி ஓட்டியவர். பழைய கார் ஒன்று வாங்கிய புதிது. ஒரே மகள் அன்பரசி, கண்ணுக்குக் கண்ணான பிள்ளை. மலையிலிருந்து கீழே பார்க்கவேண்டும் என்று நச்சரித்தாள். அழைத்துக்கொண்டு கிளம்பினார். அவளுக்கு அவ்வப்போது இழுப்பு வரும். வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்பு வீட்டிலேயே இருந்தது. இந்த வெயிலில் அது எதற்கு என்று நினைத்துவிட்டார், பாவி மனுஷன்.

பாதி மலைக்குக் கீழே ஒரு வளைவில் நிறுத்தினார். பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. அன்பரசி குதித்துக் குதித்துக் கைதட்டினாள். தட்டி ஓய்வதற்குள் காற்று திரும்பியது. மூடுபனி குபுகுபுவென்று ஏறி வந்து பாதையை விழுங்கியது. கூடவே சாரல். எலும்பைத் தொடுகிற குளிர்.

கீ... கீ... பிள்ளையின் நெஞ்சுக்குள் விசில் சத்தம்.

காரில் கிடந்த தைலத்தை எடுத்து நெஞ்சில் தேய்த்தார். வீட்டைவிட ஆஸ்பத்திரிதான் பக்கம். வண்டியைக் கீழே விட்டார்.

"தூங்காத கண்ணு. தோ, வந்துட்டோம்."

மலையில் வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிக்க வேண்டும். கீழேயிருந்து பதில் ஹார்ன் வந்தால், இறங்குகிறவன் ஓரம்கட்டி நிற்க வேண்டும். லோடோடு ஏறுகிற வண்டி நின்றுவிட்டால் பின்னால் உருண்டுவிடும். யாரும் எழுதி வைக்காத சட்டம். ஜீவானந்தம் ஒருநாளும் அதை மீறியதில்லை.

அடித்தார். பதில் வந்தது... தொண்டை கட்டியது போலக் கரகரத்த ஹார்ன். இரண்டு முறை.

நின்றார். ஒரு வண்டி முக்கி முக்கி ஏறும் சத்தம். நெருங்கியது. சாமந்தி மாலை வாசம். வண்டிக்குள் ஒரு ஆள் ஏதோ கத்துகிறார்... அவ்வளவுதான். வண்டி வரவேயில்லை.

அடுத்த வளைவு. அதே ஹார்ன். மறுபடி நின்றார்.

"ஏம்ப்பா நிக்கிற?"

"வண்டி ஏறுதும்மா."

மூன்றாவது வளைவிலும் அப்படியே. நிற்காமல் போய், நேருக்கு நேர் மோதினால்? பிள்ளையோடு பள்ளத்தில்தான். கால் தானாக பிரேக்கை மிதித்தது. ஒவ்வொரு வளைவிலும் மிதித்தது.

அடிவாரம் வந்தபோது விசில் நின்றிருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தார்.

ஆஸ்பத்திரியில், "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்றார்கள். அந்த மனுஷன் அங்கேயே செத்துவிட்டார். அதற்குப் பிறகு நடமாடுவது வெறும் உடம்பு.

மறுநாள் சாயங்காலம் பிள்ளையை ஊருக்கு எடுத்துப் போனார்கள். கார் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றது. ராஜேஷ் ஒரு வாடகை வேன் பிடித்து ஓட்டினான். பக்கத்தில் மாமா. அவர் மடியில் அன்பரசி, சாமந்தி மாலையோடு.

மலை ஏறத் தொடங்கியதும் மூடுபனி. முதல் வளைவு. மேலேயிருந்து ஒரு ஹார்ன் கேட்டது. ராஜேஷ் பதிலுக்கு அடித்தான். கரகரவென்று... இரண்டு முறை.

ஜீவானந்தம் நிமிர்ந்தார்.

"மேல அடிச்சது என் வண்டிடா."

"இன்னா மாமா சொல்றீங்க? அது கீழ இல்ல நிக்குது?"

மேலே பிரேக் கிறீச்சிட்டது. வேன் அந்த இடத்தைக் கடந்தபோது ஓரத்தில் யாருமில்லை. தைல வாடை மட்டும்.

அடுத்த வளைவில் மறுபடி அந்த ஹார்ன். மாமா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காதடா! நீ அடிச்சா அவன் நின்னுடுவான்!"

"வளைவுல அடிக்காம எப்டி மாமா போறது?"

அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார். "நிக்காத! போய்டு! புள்ளைய தூக்கிக்கினு போய்டு!"

மூடுபனியில் எதிரே ஒன்றும் தெரியவில்லை. ராஜேஷ் பயந்துபோய் ஹார்னை அழுத்திவிட்டான். பழகிய கை. மேலே பிரேக் சத்தம். பிறகு, அவன் காதுக்குப் பக்கத்தில்...

"ஏம்ப்பா நிக்கிற?"

ஒவ்வொரு வளைவிலும் மாமா கத்தினார். ஒவ்வொரு வளைவிலும் அவன் கை அடித்தது. ஏற ஏற, மூடுபனிக்குள் கேட்ட அந்த நெஞ்சு விசில் சத்தம் குறைந்துகொண்டே வந்ததாம். கடைசியில் கேட்கவேயில்லை.

மாமாவுக்கும் குரல் போய்விட்டது. பாதி மலைக்குக் கீழே, முந்தின நாள் கார் நின்ற அதே வளைவில், மூடுபனி சட்டென்று விலகியது. வெயில். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. வளைவில் ஒரு ஈ காக்காய் இல்லை.

ராஜேஷின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில். மாமாவின் இரண்டு கைகளும் மடியில் கிடந்த பிள்ளையின் மேல்.

வெளியே, பாதை ஓரத்தில், ஒரு குழந்தை குதித்துக் குதித்துக் கைதட்டும் சத்தம் கேட்டது.