ஊதா ராணிக்கு முப்பது ஊர்

ப்ளாய்: இன்னும் கொஞ்சம் மைக் பக்கத்துல வாங்கக்கா... ஆங், போதும். ஹெட்ஃபோன்ல நான் பேசுறது கேக்குதா?

யாமீலா: நல்லா கேக்குது. தாள்லதான் தப்பு இருக்கு. இது என் ராணி பேசுற பேச்சு இல்லையே.

கெங்: தப்பு இல்லக்கா. ராணியை மாத்திட்டோம்.

யாமீலா: மாத்திட்டீங்களா? செருப்பை மாத்தின மாதிரில்ல சொல்றே!

கெங்: ஊதா ராணி வேணாம்னு முடிவாயிடுச்சு. விளையாட்டுல பத்தானி நாட்டுக்கு இனிமே பச்சை ராணிதான் தலைவி. மொத்தம் இருபத்திரண்டு வரி. ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம்.

ப்ளாய்: அவங்க ரெண்டு பேரும் கூடப் பொறந்தவங்கதானேக்கா. குரல் ஒத்துப்போகும்.

யாமீலா: கூடப் பொறந்துட்டா ஒரே குரலா? என் தங்கச்சி வாயைத் திறந்தா தெருவே ஓடும்மா. நான் அப்படியா?

ப்ளாய்: ஐயோ, உங்க குரலுக்குத்தானே இந்த ஆபீஸே அடிமை! போன தடவை நீங்க சியாம் ராஜாவைத் திட்டினீங்க பாருங்க... எனக்குப் பயத்துல வியர்த்துடுச்சு.

கெங்: ப்ளாய், வேலையைப் பாரு.

யாமீலா: அவளை ஏன் அதட்டுறே? நீ சொல்லு. ஊதா ராணி என்ன குத்தம் பண்ணினா?

கெங்: குத்தம்னு இல்லக்கா... இந்த மாதிரி விளையாட்டுல ஒரு நாட்டுக்கு ஒரு முகம்தான். சீனாக்காரனுக்கு ஒருத்தர், எகிப்துக்காரனுக்கு ஒருத்தர். ஆடுறவன் அந்த முகத்தைப் பார்த்துத்தான் சண்டையா, சமாதானமான்னு முடிவு பண்ணுவான். ஊதா ராணி முகத்தைப் பார்த்ததும் எல்லாரும் சண்டைக்குக் கிளம்பிடுறாங்க.

யாமீலா: சியாம் குடுத்த பட்டத்தையே தூக்கி எறிஞ்சவ. பின்ன என்ன, வாசல்ல நின்னு வெத்தலை பாக்கு குடுப்பாளா?

கெங்: அந்தப் பட்டத்தாலதான் தலைவலி. பணம் போடுறவங்க பயப்படுறாங்க. பச்சை ராணின்னா... அவ பட்டத்தையும் வச்சுக்கிட்டா, கப்பல் வியாபாரமும் பண்ணினா, கால்வாயும் வெட்டினா. யாருக்கும் நோகாது.

யாமீலா: யாருக்கும் நோகாத ராணி! என் தம்பி சொப்ரி இதுக்கு ஒத்துக்கிட்டானா?

ப்ளாய்: அவர் இருந்தா விட்டிருப்பாரா? முதல்ல ராணியைத் தேர்ந்தெடுக்கிறப்பவே இதே ரூம்ல ரெண்டு மாசம் கத்தினாங்கக்கா, ரெண்டு பேரும். "பச்சை ராணியை வைக்கிறதுன்னா பத்தானியே வேணாம், எடுத்துடு"ன்னார். கதவைச் சாத்தின சாத்துல கைப்பிடி என் கையோட வந்துடுச்சு.

யாமீலா: எங்க அம்மா வளர்ப்பு அப்படி. மூணு பொண்ணுக்குப் பிறகு ஒரே பையன். செல்லம் குடுத்துக் கெடுத்துட்டாங்க.

கெங்: ப்ளாய், ஒரு வரி வச்சு சத்தத்தைப் பாரு. அந்தக் கடைசி வரி.

ப்ளாய்: அக்கா, இருபத்திரண்டாவது. தோத்துப் போறப்ப ராணி சொல்றது. மெதுவா... சரி, பேசுங்க.

யாமீலா: "ஊரை எடுத்துக்கோ. உள்ள இருக்கிற பிள்ளைங்களை மட்டும் விட்டுடு."

ப்ளாய்: அருமை! இன்னொரு தடவை, கொஞ்சம் கெஞ்சுற மாதிரி...

யாமீலா: யார் எழுதினது இது?

கெங்: நான்தான். தாய்லாந்து மொழியில எழுதி, மலாயில மாத்தி வாங்கினேன்.

யாமீலா: தோத்துப்போனா ஊதா ராணி என்ன சொல்லுவா, ஞாபகம் இருக்கா உனக்கு? சொப்ரி எழுதினது. "ஊர் உன்னோடது. பேர் என்னோடது." அவ்வளவுதான். அதைப் பேசிட்டு நான் அன்னிக்கு சிரிச்சேன். உனக்கு ஏண்டா இவ்வளவு திமிருன்னு கேட்டேன்.

ப்ளாய்: அக்கா... கண்ணெல்லாம் செவந்து கிடக்கே. வேணும்னா நாளைக்கு வச்சுக்கலாமா?

யாமீலா: ஒண்ணுமில்லம்மா. வேன்ல வந்தது. மூணு சோதனைச் சாவடியில இறக்கி ஏத்தினாங்க. தூக்கமே இல்ல.

கெங்: ப்ளாய், கீழ போய் மூணு ஐஸ் டீ வாங்கிட்டு வா. மைக்கை அணைச்சிட்டுப் போ.

ப்ளாய்: எனக்குப் புரியுது, போகச் சொல்றீங்கன்னு. அக்காவுக்குச் சர்க்கரை கம்மி, சரியா?

யாமீலா: சரிம்மா. அவசரமில்ல, மெதுவா வா.

கெங்: அக்கா, அது வந்து...

யாமீலா: சொல்லு தம்பி. ஏதோ கேக்க வாயெடுத்தியே.

கெங்: பட்டாள முகாம்ல சொப்ரியைப் பார்க்க விட்டாங்களாக்கா?

யாமீலா: பார்த்தேன்.

கெங்: எப்ப?

யாமீலா: நேத்து.

கெங்: என்ன சொன்னான்?

யாமீலா: பேசுற நிலைமையில அவன் இல்ல.

கெங்: ரொம்ப... ரொம்ப மெலிஞ்சுட்டானா?

யாமீலா: இல்ல. வீங்கியிருந்தான்.

கெங்: அடப்பாவிங்களா... பதினோரு நாளாச்சு. என்னதான் கேக்குறாங்களாம் அவன்கிட்ட?

யாமீலா: உனக்குத் தெரியாதா?

கெங்: எனக்கெப்படிக்கா தெரியும்?

யாமீலா: இந்தா, பாரு. இதைத்தான் முகாம்ல மேஜைமேல போட்டாங்க. "உன் தம்பி கைவரிசை, நல்லா பாரு"ன்னாங்க. மடிச்சு மடிச்சுக் கிழிஞ்சிருக்கு. பார்த்துப் பிரி.

கெங்: இது நம்ம... இது நம்ம வரைபடம்.

யாமீலா: ஆமா. சோதனைக்கு ஆட நாலு பேருக்குக் குடுத்தீங்களாமே, அதுல ஒரு புண்ணியவான் படம் புடிச்சு ஊருக்கே காட்டியிருக்கான். முப்பது ஊர் பேர். எல்லாம் எங்க பக்கத்து ஊரு, இன்னிக்கும் ஜனங்க இருக்கிற ஊரு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல படை நாலு, படை ஆறு. "பன்னிரண்டாம் சுற்றில் தாக்கு." எனக்குப் புரியுது, இது விளையாட்டுன்னு. எங்க ஆளுங்க எல்லாரையும் கலகக்காரங்கன்னே பார்க்கிற அவங்களுக்கு எப்படித் தெரியும்?

கெங்: கம்ப்யூட்டர் ராணியா ஆடுறப்ப அதுவா போடுற கணக்குக்கா அது! யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

யாமீலா: யாரைக் கேட்டாலுமா? சரி, அப்ப நீ சொல்லு. ஒரு கடுதாசி எழுதிக் குடு. "இது எங்க விளையாட்டு, இந்தப் பட்டியல் சொப்ரி போட்டதில்ல"ன்னு. கையெழுத்துப் போடு. அதுக்குத்தான் வந்தேன். ராணிக்குக் குரல் குடுக்க வரல.

கெங்: விளையாட்டுன்னு எழுதித் தர்றேன்க்கா. கண்டிப்பா தர்றேன். ஆனா சொப்ரி போட்டதில்லன்னு எப்படி...

யாமீலா: எப்படின்னா?

கெங்: பத்தானி வேலை மொத்தமும் அவனோடதுதானே. ராணியைத் தேர்ந்தெடுத்தது அவன், உடுப்பு, கோட்டை, பீரங்கி எல்லாம் அவன். வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...

யாமீலா: கெங்கு. அந்தப் பட்டியல்ல எங்க ஊரு எங்க இருக்கு, காட்டு.

கெங்: எங்கயாவது இருக்கும்...

யாமீலா: இல்ல. நானும் பத்து தடவை தேடிட்டேன். தெலாகா இல்ல. ஊர்ப் பேர் முப்பது எழுதுறவன் சொந்த ஊரை விட்டுட்டு எழுதுவானா? அதுவும் சொப்ரி? பள்ளிக்கூடத்துல கப்பல் படம் வரைஞ்சாக்கூட அதுக்குத் தெலாகான்னு பேர் வச்ச பையன் அவன்!

கெங்: பழைய பேரா தேடியிருப்பான்...

யாமீலா: பழைய பேராவது ஒண்ணாவது. இன்னொண்ணு பாரு. முதல் ஊர் முகாம் வாசல்ல இருக்கிறது. ரெண்டாவது அதைத் தாண்டினா வர்றது. மூணாவது பாலத்துக்கு அந்தப் பக்கம். முப்பதும் வரிசையா, வண்டி போற வழியிலயே போகுது. ஆத்துக்கு அந்தாண்டை ஒரு ஊரும் இல்ல. ஏன்னா அங்க வண்டி போகாது. எங்க ஆளுங்க யாராவது இப்படி எழுதுவோமா? எங்களுக்கு ஊருன்னா மாமா வீடு இருக்கிறது, பொண்ணு கட்டிக் குடுத்தது, மீன் வாங்கப் போறது. வண்டி வரிசையில எங்களுக்கு ஊரு தெரியாது.

கெங்: அக்கா...

யாமீலா: போன நோன்புக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு வந்து பூடு மீன்சாறை ஊத்திச் சோறு தின்னியே. எங்கடா பழகினே இதைன்னு கேட்டேன். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கச் சீட்டுக் குலுக்குறப்ப சிவப்புச் சீட்டு விழுந்துச்சு, ரெண்டு வருஷம் உங்க பக்கம்தான் துப்பாக்கி தூக்கினேன்னு நீயே சொன்னே. எங்கம்மா உடனே இன்னொரு கரண்டி சோறு போட்டாங்க. "பாவம், யார் பெத்த பிள்ளையோ, வெயில்ல நின்னிருக்கு"ன்னாங்க.

கெங்: போதும்க்கா.

யாமீலா: போதாது. யார் எழுதினது?

கெங்: ப்ளாய் வந்துடுவாக்கா...

யாமீலா: வாயைத் திற.

கெங்: நான்.

யாமீலா: சத்தமா சொல்லு.

கெங்: நான்தான்க்கா! நான்தான் எழுதினேன். சொப்ரி ஒன்பது ஊர்தான் குடுத்தான். எல்லாம் பழைய காலத்து ஊர், ஏட்டைப் பார்த்து எடுத்தது. மீதியை நோன்பு முடிஞ்சு வந்து தர்றேன்னு கடைசிப் பத்து நாளுக்கு ஊருக்குப் போயிட்டான். முப்பது பேர் இல்லன்னா விளையாட்டு நின்னுபோயிடும். ராணி புதுசா ஊர் கட்டுவா, பேர் இருக்காது, திரை அப்படியே உறைஞ்சுடும். மறுநாள் காலையில சோதனைக்கு அனுப்பியாகணும். எனக்கு உங்க பக்கத்துல தெரிஞ்ச பேர் அது ஒண்ணுதான். ரோந்துப் பட்டியல். ரெண்டு வருஷம் தினமும் காலையில சத்தமா ஒப்பிச்சதுக்கா, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அவன் குடுத்த ஒன்பதைக்கூடத் தேடிச் சேர்க்க நேரமில்ல. முப்பதையும் கடகடன்னு தட்டிவிட்டேன். அப்புறம் மாத்திக்கலாம்னு...

யாமீலா: அப்புறம்.

கெங்: எப்பவும் அப்படித்தான் பண்ணுவோம். எதையாவது போட்டு வைப்போம், அப்புறம் மாத்துவோம். ஒரு தடவை எகிப்து ஊருக்கெல்லாம் ப்ளாய் வீட்டுப் பூனைங்க பேரைப் போட்டிருந்தோம். யாரும் சாகல.

யாமீலா: சொப்ரிக்குத் தெரியுமா?

கெங்: தெரியும். ஊர்லேர்ந்து ஆடிப் பார்த்துட்டு உடனே கூப்பிட்டான். "எங்கடா புடிச்சே இந்த ஊரையெல்லாம், பைத்தியக்காரா, இப்பவே எடு"ன்னு கத்தினான். எடுத்தேன்க்கா, சத்தியமா அன்னிக்கே எடுத்தேன். ஆனா படம் அதுக்குள்ள வெளிய போயிடுச்சு.

யாமீலா: அவங்க இங்க வந்தாங்கல்ல?

கெங்: ரெண்டு பேர். சாதாச் சட்டையில. பெருநாளுக்கு மறுநாள். "பத்தானி யார் பண்றது?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாங்க.

யாமீலா: நீ என்ன சொன்னே?

கெங்: பத்தானின்னா... சொப்ரின்னு சொன்னேன். அது நிஜம்தானே? அவன்தானே பண்றான்?

யாமீலா: நிஜமா! ஆமா, பெரிய நிஜம்.

கெங்: பயந்துட்டேன்க்கா. பட்டாளத்துப் பட்டியலை வெளிய விட்டேன்னு தெரிஞ்சா முதல் விலங்கு எனக்குத்தான். என் பொண்டாட்டிக்கு ஏழு மாசம். சொப்ரியை ரெண்டு நாள் கேட்டுட்டு விட்டுடுவாங்க, அவனுக்குத்தான் ஒண்ணும் தெரியாதேன்னு நினைச்சேன். ரெண்டு நாள் நாலு நாளாச்சு. ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போய் சொல்லிடலாம்னு... அதான் ராணியையே மாத்தினேன். யாரும் மாத்தச் சொல்லல. பணம் போடுறவங்களுக்கு எந்த ராணியும் தெரியாது, எந்தப் பட்டமும் தெரியாது. ஊதா ராணி இருக்கிற வரைக்கும் அவன் வந்து என் பின்னாடி நிக்கிற மாதிரியே இருந்துச்சு.

யாமீலா: அவளைத் தூக்கிட்டா அவனும் போயிடுவான்னு.

கெங்: நான் ஒரு கோழை. வேற என்ன சொல்லச் சொல்றீங்க? அடிங்க, வேணும்னா அடிங்க.

யாமீலா: அடிச்சு என்ன ஆகப்போகுது?

கெங்: கிளம்புங்க. இல்ல, நிஜமாத்தான் சொல்றேன், எழுந்திருங்கக்கா. ப்ளாய்கிட்ட சொல்லிக்க வேணாம். கீழ என் வண்டி இருக்கு, ரெண்டு மணி நேரத்துல முகாமுக்குப் போயிடலாம். நானே சொல்றேன். பட்டியல் என்னோடது, என் கையால போட்டது, அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. என்னை உள்ள வச்சுக்கட்டும். எத்தனை வருஷம் வேணும்னாலும் வச்சுக்கட்டும். பொழுது சாயறதுக்குள்ள நீங்க அவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்.

யாமீலா: அவன் நேத்தே வீட்டுக்கு வந்துட்டான், தம்பி. குளியலறையில வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லி உடம்பைக் குடுத்தாங்க. அஸர் தொழுகைக்கு முன்னாடி அடக்கம் பண்ணிட்டோம். சாகுறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கான், முப்பது ஊரும் நான்தான் எழுதினேன்னு. எழுதினது நீன்னு அவனுக்குத் தெரிஞ்சும் பத்து நாள் அந்த அடி வாங்கி, ஒரு தடவைகூட உன் பேரை வெளிய விடலையே... அப்படி என்ன செஞ்சுட்டே நீ அவனுக்கு?