ஏழாம் கட்டில் சாட்சி சொல்லவில்லை

இரத்தமோ மலமோ பட்ட போர்வையை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். எடுத்த எடுப்பில் வெந்நீரில் போட்டால் கறை நூலோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்தச் சோப்புக்கும் மசியாது. இல்லத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் எல்லோரும் இந்தத் தப்பைத்தான் முதலில் செய்வார்கள். நான் சத்தம் போட்டதில்லை. ஒரு தடவை செய்து காட்டுவேன், அவ்வளவுதான்.

காலையிலிருந்து நீங்கள் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறீர்கள் ஐயா. அதனால் நானும் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்த மேசையில் எழுதுகிறவருக்கு நான் வேகமாகப் போகிறேன் என்று தோன்றினால் நிறுத்தச் சொல்லட்டும்.

சபை நடத்துகிற இல்லம் அது. வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் இல்லாத நோயாளிகளுக்காகப் பன்னிரண்டு கட்டில்கள். நான் துணி துவைக்கத்தான் சேர்ந்தேன். ஆட்கள் குறையக் குறைய உடம்பு துடைப்பது, சாப்பாடு ஊட்டுவது, நர்ஸ் இல்லாத நேரத்தில் மருந்து கொடுப்பது எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. விழட்டும் என்று இருந்துவிட்டேன். என் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. துணியக்கா என்றால் தெரியும். சம்பளம் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். படுக்க ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, போதும்.

ஏன் என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு மகள் இருந்தாள். நான்கு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். டாக்டரைக் கூட்டி வருகிறேன் என்று காலையில் புறப்பட்ட என் வீட்டுக்காரர் திரும்பி வரவே இல்லை. அவள் அன்று மத்தியானம் என் மடியில் முடிந்துபோனாள். அவள் பரலோகத்தில் இருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். சரி, அப்படியானால் நான் அங்கே போக வேண்டும். அதற்கு நல்ல காரியங்கள் செய்ய வேண்டும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். செய்ய ஆரம்பித்தேன். ஊருக்குப் போக வேண்டியவர் பஸ் ஏறுவதைப் போல. இதில் பைத்தியக்காரத்தனம் ஒன்றும் இல்லை.

பழைய போதகர் இருந்தவரை ஒரு குழப்பமும் இல்லை. "உன் பலன் பெரிசும்மா" என்பார். மூன்று வருடத்துக்கு முன் புதுப் போதகர் வந்தார். சின்ன வயது, நல்ல மனிதர், சட்டென்று சிரித்துவிடுவார். நான்கு சபைகளைப் பார்க்க வேண்டியவர் என்பதால் எங்களிடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார். வந்த இரண்டாவது ஞாயிறே பிரசங்கத்தில் சொல்லிவிட்டார்: நம் நற்செயல்களைக் காட்டி யாரும் இரட்சிப்பை வாங்க முடியாது, கடவுளுக்கு முன்னால் அவை அழுக்குத் துணி.

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அன்று காலை மட்டும் பதினேழு போர்வை துவைத்திருந்தேன். கையில் பிளீச்சிங் பவுடர் நாற்றம் போகவில்லை. கூட்டம் முடிந்ததும் போய் நின்றேன்.

"போதகரே, அழுக்குத் துணின்னு சொன்னீங்களே. அதை யார் துவைக்கிறது?"

சிரித்தார். "அதைத்தான் அக்கா சொல்றேன். நம்மால துவைக்க முடியாது. அவர் துவைக்கிறார். நாம நம்பினா போதும்."

"அப்ப இத்தனை வருஷமா நான் செஞ்சது?"

"அது வீணில்லக்கா. நம்பிக்கை வேர், நல்ல காரியம் கனி. வேர் இருந்தா கனி தானா வரும்."

"வேர் இல்லாம கனி மட்டும் வந்தா?"

"அப்படி வராதுக்கா."

எனக்கு வந்திருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் இருவர் காத்துக்கொண்டிருந்தார்கள். வந்துவிட்டேன்.

எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிகளில் யாராவது விசுவாசத்துக்கு வந்தால் ஞாயிறு மாலை ஜெபத்தில் கட்டிலில் இருந்தபடியே கையைத் தூக்க வேண்டும். போதகர் பக்கத்தில் போவார். "நான் நம்புகிறேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். அதுதான் சாட்சி. உடனே பாட்டு, கண்ணீர், கட்டிப்பிடித்தல். சமையல்காரம்மா என் காதில் கிசுகிசுப்பாள்: "துணியக்கா, நாம ரெண்டு பேரும் கை தூக்கிட்டா ராத்திரிக்குச் சப்பாத்தி யார் தேய்க்கிறது?"

மூன்றாம் கட்டிலில் ஒருவர் இருந்தார். பெற்ற தாயை அடித்துத் தெருவில் தள்ளியவர். பதினொரு மாதம் அவருடைய போர்வையைத் துவைத்தேன். சாப்பாடு ஊட்டினால் என் முகத்தில் துப்புவார். ஒரு ஞாயிறு கை தூக்கினார். செவ்வாய் அன்று செத்துப்போனார். அடக்கத்தில் போதகர் சொன்னார், நம் சகோதரர் இந்நேரம் பரலோகத்தில் இருக்கிறார் என்று. ஒரு வாக்கியம் ஐயா. நீங்கள் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட இல்லை.

நான் யார்மேலும் பொறாமைப்படுகிறவள் இல்லை. ஆனால் அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வாளியை எட்டி உதைத்தேன் என்று சமையல்காரம்மா உங்களிடம் சொல்லியிருப்பாள். உண்மைதான்.

ஆறு வாரத்துக்கு முன் ஏழாம் கட்டிலுக்கு ஒருவரைக் கொண்டுவந்து போட்டார்கள். வயிற்றில் கட்டி, கடைசிக் கட்டம். டாக்டர் இரண்டு மாதம் என்றார். போர்வையை விலக்கினேன். என் வீட்டுக்காரர். இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. அவரும் என்னைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

விஷயம் அரை நாளில் இல்லம் முழுக்கப் பரவிவிட்டது. "இந்த ஆளையா பார்க்கப் போறீங்க?" என்றாள் சமையல்காரம்மா. "நானா இருந்தா சூப்புல உப்புக்குப் பதிலா சலவைச் சோடாவை அள்ளிப் போட்டிருப்பேன்."

நான் போடவில்லை. துடைத்தேன், ஊட்டினேன், புண்ணுக்கு மருந்து தடவினேன். மற்ற கட்டிலுக்கு எப்படியோ அப்படியே. போதகர் கேள்விப்பட்டுப் பிரசங்கத்திலேயே சொன்னார்: "மன்னிப்புன்னா என்னன்னு தெரியணுமா? ஏழாம் கட்டில் பக்கம் போய்ப் பாருங்க." எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மன்னிப்பைப் பற்றி நான் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள்.

மூன்று வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான்காவது வாரம் புதன்கிழமை, நான் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அன்னைக்கு டாக்டரைக் கூப்பிடத்தான் போனேன். நெஜமாத்தான். வழியில நம்ம ஆளுங்க சீட்டாடிட்டு இருந்தாங்க. ஒரே ஒரு ஆட்டம்னு உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது சாயங்காலம். நம்ம தெருமுனை வரைக்கும் வந்துட்டேன். அழுகைச் சத்தம் கேட்டுது. அப்படியே திரும்பிட்டேன்."

இத்தனை வருடமாக அவர் சார்பில் நான் என்னென்னவோ காரணம் யோசித்து வைத்திருந்தேன் ஐயா. வண்டியில் அடிபட்டிருப்பார். யாராவது பிடித்து வைத்திருப்பார்கள். சீட்டாட்டம் எனக்குத் தோன்றவே இல்லை.

நான் உறையை மாட்டி முடித்தேன். அவர் நிறுத்தவில்லை.

"போன ஞாயித்துக்கிழமையிலேர்ந்து உள்ள என்னமோ ஆயிடுச்சு. எல்லாத்தையும் அவர் காலடியில போட்டுட்டேன். நான் நம்பறேன். பொய்யில்ல. வர்ற ஞாயிறு கை தூக்கணும். போதகர்கிட்ட சொல்லி வை."

"சரி."

"பாப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியுமா?" என்று கேட்டார். முகம் என்னவோ கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர் முகம் மாதிரி இருந்தது. "எப்படியும் நான்தானே முன்னாடி போவேன். நீ வர்ற வரைக்கும் அவளை நான் பாத்துக்கறேன்."

அந்தக் கடைசி வாக்கியம் சரியாக எழுதப்பட்டதா என்று பாருங்கள் ஐயா. நான் பாத்துக்கறேன்.

துவைக்கிற இடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். கோபம் என்று நீங்கள் நினைப்பீர்கள். கோபம் இல்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடம் வரிசையில் நிற்கிறவளைத் தாண்டி ஒருவர் நேற்று வந்து முன்னால் போய் நிற்கிறார். கவுண்டரில் இருக்கிறவரும் வா வா என்கிறார். வேறு எந்த இடமாக இருந்தாலும் நீங்களே தடுத்திருப்பீர்கள். அவர் கையை உயர்த்தினால்தானே சாட்சி. வாயைத் திறந்தால்தானே அது கணக்கில் வரும். ஞாயிறு மாலைக்கு நான்கு நாள் இருந்தது.

நர்ஸ் காலையிலும் மாலையிலும்தான் வருவாள். நடுவில் வலி மருந்து என் பொறுப்பு. சின்ன மூடியால் அளந்து கொடுக்க வேண்டும். அந்தப் பெண்மேல் எந்தத் தப்பும் இல்லை, என்னை நம்பினாள். வியாழக்கிழமை அவர் கண் திறந்தபோது, வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். வலிக்கும் என்று சொல்லி மருந்தைக் கொடுத்தேன். மறுபடி விழித்தார். மறுபடி கொடுத்தேன். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். அவர் முனகாமல் தூங்குவதைப் பார்த்து, எட்டாம் கட்டில் பெரியவர், "நீ கை வைச்சா நோய்கூட அடங்குதும்மா" என்றார். அந்த இரண்டு நாளும் அவருக்கு ஒரு படுக்கைப் புண்கூட வராமல் மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போதகர் போனில் விசாரித்தார். "ஏழாம் கட்டில் எப்படி இருக்கார்க்கா? ஏதாவது பேசினாரா?" ஒன்றும் பேசவில்லை, தூக்கத்திலேயே இருக்கிறார் என்றேன்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயர்ந்த நேரம். அவர் விழித்துக்கொண்டார். அவ்வளவு மருந்துக்குப் பிறகு எப்படி விழித்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நாக்கு புரளவில்லை. கூரையைப் பார்த்தார். பிறகு வலது கையைப் போர்வையிலிருந்து வெளியே எடுத்து மெல்ல உயர்த்தினார். ஒரு சாண் உயரம் இருக்கும். ஞாயிறு என்று நினைத்தாரோ என்னவோ. அங்கே என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிப் போர்வைக்குள் செருகினேன். மருந்துப் புட்டியில் பாதிக்குமேல் இருந்தது. தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு, புரை ஏறாமல், கொஞ்சம் கொஞ்சமாக முழுவதையும் கொடுத்தேன். நான் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. உதடு அசைந்தது. நான்கு மணிக்கு மூச்சு நின்றது. டாக்டர் சொன்ன கெடுவுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆமாம், நான்தான் கொன்றேன். வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை.

அடக்கத்தில் போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். இல்லை என்றேன். பரலோகத்தில் இருக்கிறார் என்று அன்று அவர் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த ஞாயிறு எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து அந்த மனிதர் எல்லாவற்றையும் கெடுத்தார். "கவலைப்படாதீங்கக்கா. கை தூக்குறதெல்லாம் நம்ம சபை வழக்கம், நமக்கு ஒரு சந்தோஷம். மனசுக்குள்ள நம்பியிருந்தா கடவுளுக்கு அது போதும். யார் காதிலயும் விழணும்னு இல்ல."

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. இதை முன்னாலேயே சொல்வதற்கென்ன? மூன்று வருடமாக வாரா வாரம் கை தூக்கு, வாய் திறந்து சொல் என்று சொல்லிவிட்டு, இப்போது அது வெறும் வழக்கம் என்றால்? நான் அவ்வளவு சிரமப்பட்டது எதற்கு?

அந்த எரிச்சலில்தான் கேட்டுவிட்டேன். "பெண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லியிருந்தா? அதுவும் சேருமா?"

போதகர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட சொன்னாரா? பேசவே இல்லைன்னீங்களே."

அதற்குப் பிறகு அவர் நர்ஸைக் கூப்பிட்டது, புட்டியைத் தேடியது, டாக்டர் வந்தது எல்லாம் உங்கள் காகிதத்திலேயே இருக்கிறது.

நேற்று போதகர் இங்கே வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "அக்கா, உங்களுக்கும் அதே கதவுதான். இப்பவும் மூடலை. மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க, போதும்" என்றார். அதே ஒரு வார்த்தை. வேண்டாம் என்றேன். அந்த வழியாக நான் உள்ளே போனால், அவரும் அந்த வழியாகப் போயிருக்கிறார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்படியானால் பாப்பாவை இந்நேரம் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது அவர்.

"அவளைப் பார்க்க வேண்டாமாக்கா?" என்று கேட்டார். பார்க்கத்தானே இத்தனையும் செய்தேன்.

வேறு கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கம்பி அறைக்குத் திரும்பிப் போனதும் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. தினமும் முழங்கால் போட்டு, அந்தக் கதவு அவருக்குத் திறந்திருக்கக் கூடாது என்று ஜெபம் செய்கிறேன். உங்களிடம் சொல்வதற்கென்ன ஐயா, இவ்வளவு விசுவாசத்தோடு என் ஆயுளில் நான் ஜெபம் செய்ததே இல்லை.